அனகோஸ்டியா சமூக அருங்காட்சியகம்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனின் தென்கிழக்கில், கறுப்பின மக்கள் மிகுதியாக வாழும் அனகோஸ்டியாவில் உள்ளது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஓர் உறுப்பு. நகர மையத்திலுள்ள பெரிய அருங்காட்சியகங்களுக்கு வராத மக்களைத் தேடி அருங்காட்சியகமே செல்ல வேண்டும் என்பது நிறுவனத்தின் அன்றைய செயலர் எஸ். தில்லன் ரிப்ளியின் எண்ணம். 1967 செப்டம்பர் 15 அன்று, கார்வர் என்ற பழைய திரையரங்கில் இது தொடங்கியது.

முதல் இயக்குநர் ஜான் கினார்ட் (1936–1989) மதபோதகர், சமூகப் பணியாளர். அருங்காட்சியகத் துறையில் பயிற்சி பெற்றவரல்லர். அதுவே அவருக்கு வசதியாயிற்று என்று சொல்லத் தோன்றுகிறது. எதைக் காட்சிப்படுத்துவது என்பதை அவர் அக்கம்பக்கத்தாரிடமே கேட்டார். வட்டார மக்களை வாட்டிய எலித்தொல்லை 1969இல் கண்காட்சியாயிற்று. உயிருள்ள எலிகளும் அதில் இடம்பெற்றன. அரும்பொருள் என்ற சொல்லுக்கு எலி சற்றும் பொருந்தாதுதான். ஆயினும் சுகாதாரம், குடியிருப்பு, நகராட்சியின் பாராமுகம் ஆகியவற்றைப் பேச அதைவிடப் பொருத்தமான காட்சிப்பொருள் கிடைத்திருக்காது.

வட்டாரத்தின் நினைவைத் திரட்டும் பணியில் வரலாற்றாய்வாளர் லூயிஸ் ஹட்சின்சன் முக்கியமானவர். அனகோஸ்டியாவின் வரலாறு குறித்த அவரது நூல் 1977இல் வெளிவந்தது. கினார்ட் தாம் இறக்கும்வரை, இருபதாண்டுகளுக்கு மேல் இயக்குநர் பொறுப்பில் நீடித்தார். 1987இல் அருங்காட்சியகம் ஃபோர்ட் ஸ்டாண்டன் பூங்காவுக்கு இடம்பெயர்ந்தது. தற்போதைய பெயர் 2006இல் வந்தது.