ஒரு கட்சி இருகூறான வரலாறு

நாட்டு மக்கள் ஒருவரைத் தேர்ந்தெடுக்குமுன், அவரை அபேட்சகராக நிறுத்துவதற்கு ஒரு கட்சி அவரைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். பொதுத் தேர்தல் என்னும் மாடிக்கு இதுவே முதற்படி. அப்படியிலேயே கால் இடறி விழுந்த ஒரு பெருங்கட்சியின் கதைதான் ஐக்கிய அமெரிக்காவின் 1912ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தற் கதை.

1901இல் ஜனாதிபதி மக்கின்லி சுடப்பட்டு இறந்தபோது, உப ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் அப்பதவியை ஏற்றார். 1904இல் மக்களின் வாக்கினாலும் பெருவெற்றி பெற்றார். அவ்வெற்றி இரவிலேயே, இனியொரு முறை போட்டியிடுவதில்லை என நாடறிய வாக்குக் கொடுத்தார். 1908ஆம் ஆண்டு வந்ததும், தம் யுத்த அமைச்சரும் உற்ற நண்பருமான வில்லியம் ஹவார்ட் டாஃப்டைத் தமக்குப் பின் வரவேண்டியவராகக் கைகாட்டினார். குடியரசுக் கட்சி ஏற்றது, நாடும் ஏற்றது. டாஃப்டின் உள்ளம் நாடியதோ உயர் நீதிமன்றத்து ஆசனம். ஜனாதிபதிப் பதவியை அவரினும் அதிகமாக விரும்பியவர் அவர்தம் மனைவியார்.

இங்கேதான் முதற் பலவீனம் தோன்றுகிறது. டாஃப்ட் நேர்மையாளர், சட்டம் கற்றவர். பெருங் கம்பனிகளின் ஏகபோகத்துக்கு எதிராக ரூஸ்வெல்ட் ஏழரை ஆண்டுகளில் தொடுத்தவற்றினும் கூடிய வழக்குகளை நான்கே ஆண்டுகளில் தொடுத்தவர். எனினும் பொதுமக்களின் மனத்தை அளந்தறியும் வித்தை அவருக்கு வாய்க்கவில்லை. 1909இல் இறக்குமதித் தீர்வைச் சட்டமொன்று நிறைவேறியது. தீர்வை பெரிதும் குறையுமென எதிர்பார்த்திருந்த மேற்கு மாநிலத்து விவசாயிகள் ஏமாற்றம் அடைந்தனர். டாஃப்டோ அவர்கள் நடுவிலேயே சென்று, கட்சி இயற்றிய தீர்வைச் சட்டங்களுள் இதுவே சிறந்ததென்று பாராட்டினார். 1910 ஜனவரியில், ரூஸ்வெல்டின் அன்புக்குரியவரான வனத்துறைத் தலைவர் கிஃபோர்ட் பிஞ்சோவைப் பதவி நீக்கினார். 1911 ஒக்டோபரில் உருக்குக் கம்பனி மீது அவரது அரசாங்கம் தொடுத்த வழக்கு, ரூஸ்வெல்ட் தம் ஆட்சியில் அனுமதித்த ஒரு கொள்வனவையே குற்றமாகக் காட்டியது. தம்மை ஏமாந்தவராக உலகுக்குக் காட்டிவிட்டார்களே என்று ரூஸ்வெல்ட் கொதித்தெழுந்தார். கொள்கை வேற்றுமை சொந்தப் பகையாக மாறியது.

இவ்வேளையில் கட்சியின் முற்போக்காளர் முதலில் நம்பியிருந்தது விஸ்கொன்சின் மாநிலத்துச் செனட்டர் ரொபர்ட் லாஃபொலெட்டை. அவர் அஞ்சாநெஞ்சர், ஆனால் வளைந்து கொடுக்க அறியாதவர். 1912 பெப்ரவரி 2ஆம் நாள் பிலடெல்பியா நகரில் பத்திரிகையாளர் விருந்தொன்றில், உடற்களைப்பும் மகளின் நோய் பற்றிய கவலையும் வருத்த, அவர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தடுமாறிப் பேசினார். தம் முன் அமர்ந்திருந்த பத்திரிகைக்காரரையே கடிந்தார். ஓர் இரவிலே அவரது வாய்ப்புச் சரிந்தது. ஆதரவாளர் பலர் ரூஸ்வெல்டை நோக்கி நகர்ந்தனர். அதனை லாஃபொலெட் என்றும் மன்னிக்கவில்லை.

அதே மாதத்தில் ரூஸ்வெல்ட் களத்தில் இறங்கினார். அவருக்கும் பலவீனம் இருந்தது. 1904இல் அளித்த வாக்குறுதி நிழல்போல் தொடர்ந்தது. தொடர்ந்து மூன்றாம் முறை என்பதையே தாம் மறுத்ததாக அவர் கூறிய விளக்கம் பலருக்குத் திருப்தி தரவில்லை. அன்றியும், மாநில நீதிமன்றங்களின் சில தீர்ப்புகளை மக்கள் வாக்கால் மாற்றலாம் என அவர் ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் பேசியது, அவரது பழைய நண்பர் பலரையே அச்சுறுத்தியது. சட்டத்தைத் தெய்வமாகப் போற்றிய டாஃப்டுக்கு, போட்டியிலிருந்து விலகாமல் நிற்பதற்கு அப்பேச்சு ஒன்றே போதுமானதாயிற்று.

அவ்வாண்டிற் புதியதொரு முறையும் பரவியிருந்தது. அபேட்சகரைக் கட்சித் தலைவர்களே கூடித் தீர்மானித்த பழைய வழக்கத்துக்கு மாறாக, ஏறத்தாழப் பன்னிரண்டு மாநிலங்களில் கட்சியின் வாக்காளரே வாக்குச்சீட்டினால் தம் விருப்பத்தைத் தெரிவித்தனர். இதுவே முதனிலைத் தேர்தல். ஆட்சியிலிருக்கும் ஜனாதிபதியும் முன்னாள் ஜனாதிபதியும் ஊர் ஊராகச் சென்று ஒருவரையொருவர் ஏசுவதை நாடு கண்டது. ஏப்ரல் மாத இறுதியில் பொஸ்டன் நகரில் ரூஸ்வெல்டைக் கடுமையாகத் தாக்கிப் பேசிவிட்டுப் புகையிரதத்துக்குத் திரும்பிய டாஃப்ட், அவர் என் உயிர் நண்பராயிருந்தாரே என்று கூறிக் கண்ணீர் விட்டார்.

முதனிலைத் தேர்தல்களின் முடிவு ஐயத்துக்கு இடமில்லாதது. ரூஸ்வெல்ட் ஒன்பது மாநிலங்களில் வென்றார். டாஃப்டின் சொந்த மாநிலமாகிய ஒஹாயோவும் அவற்றுள் ஒன்று. இத்தேர்தல்களில் ரூஸ்வெல்டுக்கு 278 பிரதிநிதிகளும், டாஃப்டுக்கு 48 பேரும், லாஃபொலெட்டுக்கு 36 பேரும் கிடைத்தனர். ஆயினும் மகாநாட்டுப் பிரதிநிதிகள் 1,078 பேர். ஏனையோரைப் பழைய முறைப்படி கட்சி யந்திரமே அனுப்பியது. குடியரசுக் கட்சிக்கு வாக்குகளே அரிதான தென் மாநிலங்களிலிருந்தும் பெருந்தொகையானோர் வந்தனர். அவர்களுட் பலர் ஜனாதிபதியின் தயவால் உத்தியோகம் பெற்றவர்கள். 1908இல் இதே யந்திரத்தைக் கொண்டே ரூஸ்வெல்ட் டாஃப்டை நிறுத்தினார் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

ஜூன் மாதம் சிக்காகோவிற் கூடிய மகாநாட்டில் 254 பிரதிநிதிகளின் உரிமை பற்றிப் பிணக்கு எழுந்தது. தேசியக் குழு 235 பேரை டாஃப்டுக்கும் 19 பேரை மட்டும் ரூஸ்வெல்டுக்கும் உரியவர் எனத் தீர்த்தது. ரூஸ்வெல்ட் தரப்பின் முறைப்பாடுகள் யாவும் நியாயமானவை அல்ல. ஆயினும் சில நியாயமானவையே என்பர் வரலாற்றாசிரியர். தலைவர் தெரிவிலும் டாஃப்ட் பக்கமே வென்றது. லாஃபொலெட் தரப்பார் ரூஸ்வெல்டுக்குக் கைகொடுக்க மறுத்தமை அதற்குத் துணை செய்தது. இறுதியில் டாஃப்ட் 561 வாக்குகளால் அபேட்சகரானார். முந்நூறுக்கு மேற்பட்ட பிரதிநிதிகள் அவையில் இருந்தும் வாக்களிக்க மறுத்தனர். களவு நடந்தது எனக் கூறி வெளியேறிய ரூஸ்வெல்ட், ஓகஸ்ட் மாதத்தில் முற்போக்குக் கட்சியைத் தோற்றுவித்தார்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது பழமொழி. ஆனால் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியும் அவ்வாண்டு ஒற்றுமையாய் இருக்கவில்லை. பால்டிமோர் மகாநாட்டில் சாம்ப் கிளார்க் என்பவர் ஒரு கட்டத்தில் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்றும், மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற விதியால் தடைப்பட்டார். நாற்பத்தாறாவது வாக்கெடுப்பில் உட்ரோ வில்சன் வென்றார். கிளார்க் மனம் கசந்தார். கட்சியை விட்டு அகலவில்லை.

நவம்பரில் வில்சன் 435 தேர்தற் குழு வாக்குகளும், ரூஸ்வெல்ட் 88உம், டாஃப்ட் 8உம் பெற்றனர். வில்சனுக்குக் கிடைத்த மக்கள் வாக்குகள், 1908இல் தோற்ற அக்கட்சி அபேட்சகர் பிரையன் பெற்றவற்றினும் குறைந்தவை. ரூஸ்வெல்டும் டாஃப்டும் பெற்றவற்றைக் கூட்டினால் அவை வில்சனின் தொகையை விஞ்சும்.

இரு கட்சிகளிலும் பூசல் இருந்தது. ஒன்று மட்டுமே பிளந்தது. காரணம் யாது? பால்டிமோர் விதி கடுமையானதாயினும், போட்டிக்கு முன்னரே அனைவரும் ஒப்புக்கொண்ட விதி. சிக்காகோவிலோ இரு அளவுகோல்கள் இருந்தன: ஒருவர் வாக்காளரின் தீர்ப்பைக் காட்டினார், மற்றவர் கட்சி விதியைக் காட்டினார். எது மேலானது என்பதை எவரும் முன்னதாகத் தீர்த்திருக்கவில்லை. அந்தக் கேள்வி நெடுங்காலம் உயிரோடிருந்தது. 1968இல் ஒரு முதனிலைத் தேர்தலிலும் போட்டியிடாத ஹியூபர்ட் ஹம்ஃப்ரி, அதே சிக்காகோவில் ஜனநாயகக் கட்சியின் அபேட்சகரானபோது மீண்டும் கலகம் மூண்டது. அதன் பின்னரே விதிகள் திருத்தப்பட்டு, வாக்காளரின் தெரிவு முதன்மை பெற்றது.

டாஃப்ட் 1921இல், தாம் என்றும் நாடியிருந்த பிரதம நீதியரசர் ஆசனத்தில் அமர்ந்தார். அதற்கு முன், 1918இல், சிக்காகோ ஹோட்டல் ஒன்றின் உணவுச் சாலையில் ரூஸ்வெல்டைக் கண்டு, அவர் அருகிற் சென்று கைகொடுத்தார். சுற்றியிருந்தோர் கரகோஷம் செய்தனர். 1919 ஜனவரியில் ரூஸ்வெல்ட் காலமானபோது அவரது கல்லறையருகே டாஃப்ட் அழுதுகொண்டு நின்றார். நண்பர் இருவரும் ஒன்றுபட ஆறாண்டுகள் சென்றன. அவர்கள் பிளந்த கட்சி மீண்டும் ஜனாதிபதிப் பதவியைப் பெறுவதற்கோ 1920ஆம் ஆண்டுத் தேர்தல் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.