லீக் எந்தக் கேமுக்கு மாறுவது?

ஒன்லைனில் கார்ப் பந்தய லீக் நடத்துகிற எந்தக் கூட்டத்துக்குள்ளும் சில வருடத்துக்கொருக்கால் ஒரு சண்டை வரும். பழைய கேமே போதும் என்று பாதிப் பேர், புதுசுக்கு மாறுவம் என்று மிச்சப் பேர். கிராபிக்ஸ் எப்பிடி, ஸ்ரியரிங்கில றோட்டுத் தெரியுதா, மழை பெய்யுமா என்று கதை இரவிரவாக நீளும். இதே சண்டை 2004 இலும் நடந்தது. அப்போது என்ன நடந்தது என்று தெரிந்தால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது விளங்கும்.

அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்கு அருகே 1987 இல் பப்பைரஸ் என்றொரு சிறிய நிறுவனம் தொடங்கியது. டேவ் கேமர், ஒமார் குடாரி என்ற இருவர் அதன் நிறுவனர்கள். 1989 இல் அவர்கள் வெளியிட்ட இண்டியனாபொலிஸ் 500, 'கேம்' என்பதை விட்டு 'சிமுலேஷன்' என்ற பெயரைத் தலைப்பிலேயே போட்டுக்கொண்டு வந்தது. 1998 இல் வந்தது கிராண்ட் பிரி லெஜெண்ட்ஸ். 1967 ஆம் ஆண்டு ஃபோர்மியூலா வன் சீசனைக் கணினிக்குள் கொண்டுவந்த கேம் அது. அந்தக் காலத்துக் கார்களுக்கு இறக்கை கிடையாது, டயரும் வழுக்கும். முதன்முதல் ஓட்டினவர்கள் முதல் வளைவிலேயே சுழன்று புல்லுக்குள் போய் நின்றார்கள். விற்பனை படுமோசம். ஆனால் வாங்கின கொஞ்சப் பேர் அதை விடவேயில்லை. ஒன்லைனில் ஓட ஆள் தேட கேமுக்குள் ஒழுங்கான வசதி இல்லாதபோது, ரசிகர்களே விஆர்ஓசி என்றொரு இணைப்பு மென்பொருளைச் செய்து, அதற்குள்ளால் ஒருவரையொருவர் கண்டுபிடித்து ஓடினார்கள். லீக் கலாசாரத்தின் வேர்களில் ஒன்று அங்கேதான் இருக்கிறது.

மொடம் காலத்தில் இது எப்படிச் சாத்தியமானது என்பதை விளங்கப்படுத்த வேண்டும். இப்படியான கேம்களில் உன் காரை உன் கணினிதான் கணக்கிடுகிறது. மற்றவனின் கார் எங்கே நிற்கிறது, எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்ற தகவல் மட்டும் சேர்வர் வழியாக வரும். அடுத்த தகவல் வரும்வரை உன் கணினி ஊகித்துப் படம் காட்டும். ஊகம் பிழைத்தால் அவன் கார் பேய் மாதிரிப் பாயும். உன் திரையில் அவன் உன்னை இடித்திருப்பான், அவன் திரையில் இரண்டு காருக்கும் நடுவில் இடைவெளி இருந்திருக்கும். 'நான் இடிக்கேல்லை' என்று இரண்டு பேரும் சத்தியம் பண்ணுவார்கள், இரண்டு பேரும் சொல்வது உண்மை! லீக்குகளில் நடக்கிற பாதிச் சண்டைக்குக் காரணம் இதுதான். சேர்வர் கண்டம் தாண்டி இருந்தால் இது இன்னும் கூடும்.

2003 பெப்ரவரியில் பப்பைரஸின் நாஸ்கார் ரேசிங் 2003 சீசன் வந்தது. லீக்குகள் அதற்குள் குடியேறின. ஆனால் நாஸ்கார் பெயரில் கேம் செய்யும் தனியுரிமையை ஈஏ நிறுவனம் வாங்கிவிட்டது. அடுத்த பதிப்புக்கு வழியில்லை. 2004 இல் பப்பைரஸ் மூடப்பட்டது.

கேம் செத்திருக்க வேண்டும், ஆனால் சாகவில்லை. யாரும் தன் கணினியிலேயே சேர்வரைப் போட்டு, ஐபி முகவரியைக் கொடுத்து மற்றவர்களைச் சேர்க்கலாம். நிறுவனம் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று கேமுக்குத் தெரியத் தேவையில்லை. ரசிகர்கள் புதிய கார்களையும் ஓடுபாதைகளையும் செய்து சேர்த்தார்கள். கடையில் சிடி முடிந்தபின் ஈபேயில் அதன் விலை புதுசாக வந்தபோது இருந்ததை விட ஏறியது. அந்தக் கேமில் லீக்குகள் இருபது வருடத்துக்கு அண்மையாக ஓடின.

மாற நினைத்தவர்களுக்கு இரண்டு பாதை இருந்தது. 2005 இல் வந்த ஆர்ஃபக்டர் கதவைத் திறந்தே வைத்தது: எவரும் மொட் செய்யலாம், எவரும் சேர்வர் போடலாம். அதன் சாபமும் அதுவே. ஒருவனிடம் மொட்டின் பழைய பதிப்பு இருந்தால் உள்ளே விடாது. பந்தயம் தொடங்க அரை மணித்தியாலம் முன்னால் 'மச்சான் எனக்கு மிஸ்மாச் காட்டுது' என்று ஒருவன் வந்து நிற்பான்.

மற்றப் பாதை ஐரேசிங். பப்பைரஸ் மூடிய அதே ஆண்டில் கேமரும் ஜோன் ஹென்றியும் சேர்ந்து தொடங்கியது. ஹென்றி யாரென்றால், பிறகு லிவர்பூல் கழகத்தை வாங்கியவர்களில் ஒருவர். பழைய கேமின் மூல நிரலின் உரிமையையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2008 இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். லேசரால் அளந்த ஓடுபாதைகள், சொந்தப் பெயரில் கணக்கு, இடித்தால் இறங்கும் பாதுகாப்புப் புள்ளி. ஒழுங்கு என்று பார்த்தால் இதற்குக் கிட்ட எதுவும் வரவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் நாஸ்கார் நின்றபோது உண்மையான ஓட்டுநர்களே இதில் இறங்கினார்கள். முதல் பந்தயத்தை டெனி ஹாம்லின் வென்றதை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஏறக்குறைய 9 இலட்சம் பேர் பார்த்தார்கள். இரண்டு கிழமையில், பபா வொலஸ் கோபத்தில் பந்தயத்தை விட்டு வெளியேற, அவருடைய அனுசரணையாளர் கைவிட்டுப் போனார். 'கேம்தானே' என்று இனிச் சொல்ல ஏலாது.

ஆனால் ஐரேசிங்கில் சந்தா முடிந்தால், காசு கொடுத்து வாங்கின காரும் ஓடாது. நீ வாங்கியது கார் இல்லை, அனுமதி. எங்களுக்கு இது வெறும் தத்துவம் இல்லை. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டபோது 200 ரூபாயளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ஐத் தொட்டது. அங்கே எவரும் விலையைக் கூட்டாமலேயே இங்கே சந்தா ஒன்றரை மடங்குக்கு மேலே போனது.

யூபிசொப்டின் த க்ரூ கேமுக்கு சந்தாவே இல்லை, ஒரேயடியாகக் காசு கொடுத்து வாங்குவது. 2014 இல் வந்தது. 2024 மார்ச் 31 இல் சேர்வரை நிறுத்தினார்கள், தனியாக ஓட்டக்கூட முடியாமல் போனது. அந்தக் கோபத்தில் பிறந்த 'கேம்களைக் கொல்லாதே' இயக்கத்தின் ஐரோப்பிய மனுவில் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

என்னைக் கேட்டால், எட்டுப் பத்துப் பேர் ஓடுகிற சின்ன லீக்குக்கு 2014 இல் வந்த அசெட்டோ கோர்சாவே இன்னும் போதும். இத்தாலிக்காரர் செய்தது. கிராபிக்ஸ் பழசு, இரவுப் பந்தயமோ மழையோ மொட் போடாமல் கிடையாது. ஆனால் சேர்வர் மென்பொருள் கேமோடேயே வருகிறது, உங்களில் ஒருவனின் கணினியில் ஓடும். அந்த ஒருவன் யார், அவன் வீட்டில் கரண்ட் போனால் அடுத்தது யார் என்பதை மட்டும் முதல் கூட்டத்திலேயே முடிவெடுங்கள்.