பச்சை விளக்கு எத்தனை விநாடி? பெங்களூருவின் சிக்னல்கள் இயங்கும் விதம்

பெங்களூரு: சிவப்பு விளக்கின் முன் காத்திருக்கும் வாகன ஓட்டிக்கு, எதிர்த் திசைக்கு மட்டுமே நெடுநேரம் பச்சை எரிவதாகத் தோன்றும். அந்த நேரத்தை நிர்ணயிப்பது யார்? ஒரு கோடிக்கும் அதிகமான வாகனங்கள் பதிவாகியுள்ள பெங்களூருவில் இக்கேள்விக்கான விடை அண்மைக் காலத்தில் பெரிதும் மாறியுள்ளது.

சிக்னல் கம்பத்தின் அருகே நடைபாதையில் இரும்புப் பெட்டி ஒன்று இருப்பதைப் பலரும் கண்டிருக்கலாம். விளக்குகளை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி அதற்குள்தான் உள்ளது. காலை, நண்பகல், மாலை, இரவு என ஒவ்வொரு பொழுதுக்கும் தனித்தனி நேர அட்டவணைகள் அதில் பதிவு செய்யப்பட்டிருக்கும். அனைத்துத் திசைகளும் ஒருமுறை பச்சை பெற்று முடிவது ஒரு சுழற்சி எனப்படும். அதன் நீளத்தைக் கணக்கிட, பிரிட்டன் ஆய்வாளர் வெப்ஸ்டர் 1958-ஆம் ஆண்டில் வெளியிட்ட சூத்திரம் இன்றளவும் பயன்படுகிறது. ஒரு திசையிலிருந்து மறு திசைக்கு மாறும் ஒவ்வொரு முறையும் சில விநாடிகள் வீணாகின்றன. எனவே நெரிசல் மிகுந்த சந்திப்புகளில் சுழற்சியை நீட்டி, மாற்றங்களைக் குறைக்கின்றனர். காத்திருப்பு நீள்வதற்கு இதுவே காரணம்.

இந்த அட்டவணைகளின் குறை, அவை விரைவில் பழையதாகிவிடுவதுதான். மெட்ரோ பணிக்காக ஒரு சாலை அடைக்கப்பட்டாலோ, ஒரு மணி நேரம் மழை கொட்டினாலோ கணக்கு தவறிவிடும். அத்தகைய வேளைகளில் போக்குவரத்துக் காவலர் சிக்னலைத் தம் கைக்கு மாற்றிக்கொள்கிறார். கண்ணெதிரே தேங்கிய வரிசை கலைந்துவிடும். ஆனால் அவ்வளவு வாகனங்களும் ஒன்றாகச் சென்று அடுத்த சந்திப்பில் தேங்கும்.

கேமரா கணக்கிடும் பச்சை

இதற்கு மாற்றாக, தகவமைப்புப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024-ஆம் ஆண்டு முதல் பெங்களூருவில் நடைமுறைக்கு வந்தது. 165 சந்திப்புகளுக்குத் திட்டமிடப்பட்ட இதன் மென்பொருளான 'கோசிகாஸ்ட்', மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் திருவனந்தபுரம் மையத்தில் உருவானது. பிரிட்டனின் 'ஸ்கூட்', சிட்னியின் 'ஸ்காட்ஸ்' ஆகியவை உலகெங்கும் புகழ்பெற்றவை என்றாலும், வாகனங்கள் தடம் மாறாமல் செல்லும் சாலைகளை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. இருசக்கர வாகனம், ஆட்டோ, பேருந்து அனைத்தும் கிடைத்த இடைவெளியில் நுழையும் நம் சாலைகளுக்கு வேறு கணக்கு தேவைப்பட்டது. சாலைக்கு அடியில் பதிக்கும் கம்பிச் சுருள் உணரிகளும் இங்கு நீடிப்பதில்லை. குழாய் பதிக்கத் தோண்டும்போதே அறுந்துவிடும்.

எனவே சந்திப்புகளில் பொருத்தப்பட்ட கேமராக்கள் வாகனங்களைக் கண்டறிகின்றன. கைமுறை, வாகன வரவுக்கேற்ற முறை, தகவமைப்பு முறை என மூன்று வகைகளில் சிக்னல் இயங்கக்கூடும். இரண்டாவது முறையில், ஒரு திசையில் வாகன வரத்து நின்றதும் பச்சை முடிந்து அடுத்த திசைக்குச் செல்கிறது. மூன்றாவது முறையில் அடுத்தடுத்த சந்திப்புகள் ஒன்றோடொன்று இணைந்து செயல்படுகின்றன. இரு சந்திப்புகளுக்கு இடையே 500 மீட்டர் தொலைவு எனக் கொள்வோம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனக் கூட்டம் அதைக் கடக்க 60 விநாடிகள் ஆகும். இரண்டாவது சிக்னலில் அதற்கேற்பப் பின்னரே பச்சை எரிந்தால் யாரும் நிற்க வேண்டியதில்லை. பச்சையின் நேரம் ஒவ்வொரு சுழற்சியிலும் மாறக்கூடும் என்பதால், விநாடிகளை இறங்குமுகமாகக் காட்டும் பலகை இம்முறையோடு எளிதில் பொருந்தாது.

இன்ஃபென்ட்ரி சாலையில் உள்ள போக்குவரத்து மேலாண்மை மையத்திலிருந்து காவல்துறையினர் நகரைக் கண்காணிக்கின்றனர். இத்தகைய அமைப்புகளில் விளக்குப் பழுதும் இணைப்புத் துண்டிப்பும் கட்டுப்பாட்டு அறைக்கு உடனே தெரியவரும். இணைப்பு அறுந்தாலும் சிக்னல் அணைவதில்லை. பெட்டியில் உள்ள பழைய அட்டவணைப்படி தொடர்ந்து இயங்கும்.

நடந்து செல்வோர்

கேமராவின் கணக்கில் முதலிடம் வாகனங்களுக்கே. சாலையோரம் காத்திருக்கும் பத்துப் பேருக்காகப் பச்சை தானாக நீள்வதில்லை. அவர்கள் கடப்பதற்கான குறைந்தபட்ச நேரத்தைப் பொறியாளர்கள் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். விநாடிக்கு 1.2 மீட்டர் என்ற நடை வேகமே பொதுவாக அதற்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. அக்கணக்கின்படி 24 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க 20 விநாடிகள் போதும். விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கோ 30 விநாடிகள் தேவை. 20 விநாடிகள் முடியும்போது அவர் சாலையில் மூன்றில் இரண்டு பங்கையே கடந்திருப்பார்.