சொன்னவர்கள் இருந்தார்கள், கேட்டவர்கள்தான் இல்லை



ஏப்ரல் 21 நெருங்கினால் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டுவிடும். இம்முறை தரம் 10இல் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், ஸஹ்ரான் இப்படிச் செய்வான் என்று காத்தான்குடியில ஒருத்தருக்கும் தெரியாதா?" குண்டு வெடித்தபோது அவள் ஆரம்பப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தவள். அவளுக்கு வகுப்பில் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறோம். பெற்றோரும் பள்ளிவாசல் நிர்வாகிகளும் வாசிக்க வேண்டும் என்பதே நோக்கம்.

பதில் இதுதான்: தெரிந்திருந்தது. சொல்லவும் செய்தார்கள்.

2017 மார்ச் 10ஆம் திகதி காத்தான்குடி அலியார் சந்தியில் ஸஹ்ரானின் ஆட்களுக்கும் சூபி வழியைப் பின்பற்றும் மக்களுக்கும் இடையில் கைகலப்பு நடந்தது. வாள்கள் வெளியே வந்தன. அதன் பிறகு ஸஹ்ரான் தலைமறைவானான். அவனைக் கைது செய்யுங்கள் என்று அந்த ஊர் முஸ்லிம்களே வீதியில் இறங்கிக் கேட்டார்கள், அதிகாரிகளுக்கு முறைப்பாடுகளும் கொடுத்தார்கள். இந்தக் குழுவைப் பற்றிப் பல வருடங்களுக்கு முன்பே பாதுகாப்புத் தரப்புக்குத் தகவல் கொடுத்ததாக முஸ்லிம் கவுன்ஸில் உப தலைவர் ஹில்மி அஹமட் தாக்குதலின் பின் ஊடகங்களிடம் வெளிப்படையாகச் சொன்னார்.

2018 டிசம்பரில் மாவனல்லைப் பகுதியில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அந்த விசாரணையின் தொடர்ச்சியாக 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோட்டத்தில் வெடிபொருட்கள் பிடிபட்டன. விசாரணைக்கு உதவியவர்களில் மாவனல்லையைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் சகோதரரும் இருந்தார். அந்த மார்ச் மாதம் அவர் தன் வீட்டில் உறங்கும்போது தலையில் சுடப்பட்டார். அல்லாஹ்வின் அருளால் உயிர் தப்பினார். நாட்டுக்காக உண்மை சொன்னவருக்குக் கிடைத்த கூலி அது.

ஏப்ரல் 4ஆம் திகதி வெளிநாட்டிலிருந்து உளவுத் தகவல் வந்தது. தேவாலயங்கள் குறிவைக்கப்படலாம் என்பது அதில் இருந்தது. ஏப்ரல் 11இல் ஸஹ்ரானின் பெயர் போட்டே பொலிஸ் உயர் அதிகாரி ஒருவரின் கடிதம் பிரமுகர்களின் பாதுகாப்புப் பிரிவுகளுக்குப் போனது. ஏப்ரல் 16இல் காத்தான்குடி பாலமுனையில் ஒரு மோட்டார் சைக்கிளை வெடிக்கவைத்து ஒத்திகையே பார்த்துவிட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்துக்கும், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் தேவாலயத்துக்கும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்துக்கும் போன மக்களிடம் "இன்று கவனமாக இருங்கள்" என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. 260க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சீயோனில் இறந்தவர்களில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். ஆசிரியர்களாகிய நமக்கு அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கிடைத்த தகவலை வைத்துத் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்றது. பொலிஸ் மா அதிபராக இருந்தவரும், உளவுத்துறை, பாதுகாப்பு அமைச்சு உயர் அதிகாரிகளும் கட்ட வேண்டியவர்களாயினர். அதாவது, பிழை தகவல் இல்லாததில் அல்ல, வந்த தகவல் உரிய இடத்துக்குப் போய்ச் சேராததில் என்பது நீதிமன்றத்திலேயே உறுதியாகிவிட்டது.

இதே காத்தான்குடி 1990இல் எப்படி இருந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 3ஆம் திகதி இஷா தொழுகையில் நின்றவர்களை மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனியாப் பள்ளியிலும் விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். ஒரு வாரத்தில் ஏறாவூர். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் முழுப்பேருமாக வெளியேற்றப்பட்டார்கள். தொழுகையில் நின்றவன் சுடப்படும் வலி தெரிந்த ஊரிலிருந்தே, ஆராதனையில் நின்றவர்களைக் கொல்ல ஒருவன் கிளம்பினான். அதனால்தான் இதை "யாரோ செய்தது" என்று நம்மால் தள்ளிவைக்க முடியவில்லை.

நம் மாவட்டத்துக்கு வருவோம். 2006 ஆகஸ்ட் தொடக்கத்தில் மூதூருக்குள் புலிகள் நுழைந்தபோது நாங்கள் பாடசாலை மாணவர்கள். மூதூர் மக்கள் பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் அடைக்கலம் புகுந்தார்கள். அங்கேயும் ஷெல் விழுந்தது. பிறகு ஊரே கூட்டமாகக் கந்தளாய்ப் பக்கம் நடந்தது. அலுவலகத்திலேயே இருக்குமாறு சொல்லப்பட்ட தொண்டு நிறுவன ஊழியர்கள் 17 பேர் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அதே வருடம் ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. எப்போது இருப்பது, எப்போது கிளம்புவது, யார் முடிவெடுப்பது என்பதில் உயிரே தங்கியிருக்கிறது என்று நம் மாவட்டம் அப்போதே கற்றுக்கொண்டது.

ஈஸ்டர் தாக்குதல் நடந்து ஐந்தாம் நாள், 2019 ஏப்ரல் 26. சாய்ந்தமருதுவில் சுனாமி வீடுகள் உள்ள கிராமம். ஒரு வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்தவர்களைப் பார்த்து ஊரவர்களுக்குச் சந்தேகம் வந்தது. விசாரித்தார்கள், உடனே தகவல் கொடுத்தார்கள். இந்தத் தடவை தகவல் கேட்கப்பட்டது. படையினர் சுற்றிவளைத்தபோது உள்ளே இருந்தவர்கள் குண்டுகளை வெடிக்கவைத்தார்கள். ஆறு சிறுவர்கள் உட்பட 15 பேரின் உடல்கள் அங்கே மீட்கப்பட்டன. அந்தச் சிறுவர்களை நினைத்தால் மனம் கலங்குகிறது. ஆனால் அந்த வெடிபொருட்கள் இன்னொரு தேவாலயத்துக்கோ சந்தைக்கோ போகவில்லை. அதைத் தடுத்தது சாதாரண ஊர் முஸ்லிம்கள்.

அதற்குப் பிறகு நடந்தது என்ன? மே 6இல் தரம் 6க்கு மேல் பாடசாலை திறந்தது. வாசலில் பெற்றோரும் ஆசிரியரும் நின்று பைகளைத் திறந்து பார்த்தோம். அந்த வாரமே நோன்பும் பிறந்தது. அடுத்த வாரம் குருநாகல் பக்கத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் தன் வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 2020இல் அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர், தான் எழுதிய கவிதைகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

இதை ஏன் சொல்கிறோம்? பொலிஸுக்குப் போனால் நம்மையே பிடித்துவிடுவார்கள் என்று ஊர் பயந்தால், அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்தப் பயமும் ஸஹ்ரான் மாதிரி ஆட்களுக்கு ஒரு மறைவிடம்தான். சொல்பவனைக் காப்பாற்றாத நாட்டுக்குத் தகவல் வராது.

நம் குச்சவெளிக்கு இது தூரத்துக் கதை அல்ல. புல்மோட்டை வீதியில் பஸ் ஏறினால் நிலாவெளி, இறக்கக்கண்டி என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன. 2004இல் கடல் வந்தபோது அது இனம் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு சுனாமி ஒத்திகைக்குப் பழகிவிட்டோம். மணி அடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். மனிதரால் வரும் ஆபத்துக்கும் அப்படி ஒரு பழக்கம் வேண்டும்.

ஒன்று, பாடசாலையிலும் பள்ளிவாசலிலும் வெளியேறும் வழிகள் திறந்திருக்க வேண்டும். பெற்றோரின் தொலைபேசி இலக்கங்கள் அதிபரின் அறையில் எழுத்தில் இருக்க வேண்டும். தாக்குதல் நடந்த அன்றே முகநூலும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டதை மறக்காதீர்கள்.

இரண்டு, குண்டு வெடித்த இடத்தை வேடிக்கை பார்க்கக் கூட வேண்டாம், இரண்டாவது குண்டும் இருக்கலாம். 119க்கும் 1990 அம்பியுலன்ஸுக்கும் அழையுங்கள், வழியை விடுங்கள். காயப்பட்டவர்களின் படங்களைப் பகிராதீர்கள்.

மூன்று, இதுதான் முக்கியம். ஒரு வாலிபன் தன் வாப்பாவையே காபிர் என்று சொல்லத் தொடங்கினால், அதை வீட்டுக்குள் மூடிவைக்காதீர்கள். முதலில் உலமாக்களிடமும் ஆசிரியர்களிடமும் பேசுங்கள். ஆயுதம், வெடிபொருள் என்று தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பொலிஸுக்குச் சொல்லுங்கள். தனியாகப் போகப் பயமென்றால் பள்ளிவாசல் நிர்வாகமும் கிராம உத்தியோகத்தரும் சேர்ந்து போகட்டும். எழுத்தில் கொடுத்துப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கோயில், தேவாலய நிர்வாகிகளின் இலக்கமும் நம் கையில் இருக்கட்டும், நம்முடையது அவர்களிடம் இருக்கட்டும். ஆபத்து அவர்களுக்கு என்றால் முதலில் அவர்களுக்குத்தான் தெரிய வேண்டும்.

அந்த மாணவி கடைசியில் இன்னொன்று கேட்டாள்: "சொல்லியும் கேட்கல்லண்டா என்ன சேர் செய்றது?" திரும்பவும் சொல்ல வேண்டும் மகள், கேட்கும் வரைக்கும் சொல்ல வேண்டும் என்றோம். அவள் அதற்குத் தலையாட்டவில்லை, யோசித்துக்கொண்டே உட்கார்ந்தாள். அவளை நம்பவைக்கும் பொறுப்பு நம் எல்லோருக்கும் இருக்கிறது.

யா அல்லாஹ், எங்கள் ஊரையும் எங்கள் அயலவர்களையும் பாதுகாப்பாயாக. ஆமீன்.