பிராசஸருக்குள்ள ஒரு 1-0-1 சீட்டு

ஓ.பி. சீட்டுல மாத்திரை பேருக்குப் பக்கத்துல 1-0-1னு எழுதியிருக்கும், பாத்திருப்பீங்க. காலைல உண்டு, மதியம் இல்ல, ராத்திரி உண்டு. கம்ப்யூட்டர் பிராசஸருக்குள்ளயும் இதே மாதிரி ஒரு சீட்டு உண்டு. அந்தக் கதைதான் இந்த த்ரெட்.

‘ரெண்டு எண்ணைக் கூட்டு’ன்னு ஒரு கட்டளை வந்தா, உள்ள பல கதவுகள் சரியான வரிசைல திறந்து மூடணும். ஆரம்ப கால மிஷின்கள்ல இதுக்குன்னே சர்க்யூட் கட்டினாங்க. ஏதாவது மாத்தணும்னா ஒயரிங்லயே கை வைக்கணும்.

கேம்பிரிட்ஜ்ல எட்சாக் கம்ப்யூட்டரைக் கட்டின மாரிஸ் வில்க்ஸுக்கு இந்தச் சிக்கல் பிடிக்கல. 1951ல மான்செஸ்டர் மாநாட்டுல ஒரு வழி சொன்னார்: ஒவ்வொரு படிக்கும் எந்தக் கதவு திறக்கணும்னு 1, 0 போட்டு ஒரு வரியா எழுதி, ஒரு நினைவகத்துல வச்சிடுங்க, மிஷின் அதை வரிவரியா படிச்சு நடக்கட்டும். இதுதான் மைக்ரோபுரோகிராம். 1958ல எட்சாக் 2 இப்படித்தான் ஓடிச்சு.

1964ல ஐபிஎம் சிஸ்டம்/360 வந்தப்போ இதுக்கு உண்மையான பரீட்சை. சின்ன மாடலும் பெரிய மாடலும் ஒரே புரோகிராமை ஓட்டணும், ஆனா உள்ள இருக்கிற வன்பொருள் வேற வேற. பெரும்பாலான மாடல்கள்ல மைக்ரோபுரோகிராம்தான் கைகொடுத்தது. மாடல் 30ல அது துளையிட்ட அட்டைகள்லயே இருந்துச்சு. அட்டையை மாத்தினா பிராசஸரோட நடத்தையே மாறும்!

சிக்கல் எங்கன்னா, கதவுக்கு ஒரு பிட்னா வரி ரொம்ப நீளமாயிடும். அன்னைக்கு நினைவகம் விலை அதிகம்.

இங்கதான் சுருக்கெழுத்து. கணக்குப் பகுதி 7 வேலை செய்யும்னு வைங்க. ஒரு நேரத்துல ஒண்ணுதான் செய்யும். அப்புறம் எதுக்கு 7 பிட்? 3 பிட் போதும், 000ன்னா ‘சும்மா இரு’. 1-0-1க்குப் பதிலா ‘பி.டி.’ன்னு எழுதுற மாதிரி. ஆனா ஃபார்மசிஸ்டுக்கு ‘பி.டி.’ன்னா என்னன்னு தெரிஞ்சிருக்கணும் இல்லையா? அந்த வேலையைச் செய்ய டீகோடர் வேணும், அதுக்குக் கொஞ்சம் நேரமும் போகும். இன்னொண்ணு, ஒரே குறியீட்டுக்குள்ள போட்ட ரெண்டு வேலையை எப்பவுமே ஒண்ணா செய்ய முடியாது. எது எதோட சேரவே தேவையில்லைன்னு முன்கூட்டியே முடிவு பண்றதுதான் வடிவமைப்பாளரோட நிஜமான திறமை, என்னைக் கேட்டா.

1979ல மோட்டரோலா 68000 ஒரு படி மேல போச்சு. அதே நீளமான வரிகள் திரும்பத் திரும்ப வருதுன்னு கவனிச்சு, அதை மட்டும் தனியா ஒரு நானோ நினைவகத்துல ஒரே தடவை வச்சாங்க. மைக்ரோ வரில அதோட முகவரி மட்டும். நாங்க ‘ரிப்பீட் ஆல்’னு கிறுக்குறோமே, கிட்டத்தட்ட அதேதான். 1984ல வந்த முதல் மேக்கின்டோஷுக்குள்ள இருந்தது இந்தச் சிப்தான்.