இறக்குமதி உணவு வாங்குமுன் பின்பக்கத்தையும் வாசியுங்கள்

கொழும்பில் வெளிநாட்டு உணவுப் பொருட்கள் விற்கும் கடைகளுக்கு நான் இடைக்கிடை போவதுண்டு. ஒலிவ் எண்ணெய், சீஸ், சோயா சோஸ் என்று றாக்கைகள் நிறைந்திருக்கும். ஒரு சிறு போத்தலின் விலைக்கு வீட்டுக்குச் சில நாள் மரக்கறி வாங்கிவிடலாம். அவ்வளவு பணம் கொடுக்கும்போது, எதை வாங்குகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். அந்த விபரம் பெரும்பாலும் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில்தான் இருக்கிறது. நான் கவனிப்பவை இவை.

ஒலிவ் எண்ணெய்: ‘எக்ஸ்ட்ரா வேர்ஜின்’ என்பது பழத்தை அரைத்து, இரசாயனம் சேர்க்காமல் பிரித்தெடுத்தது. அதன் அமிலத்தன்மை 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச நியமம். ‘பியூர்’ அல்லது வெறுமனே ‘ஒலிவ் ஒயில்’ என்றிருந்தால், அது சுத்திகரித்த எண்ணெயும் வேர்ஜின் எண்ணெயும் கலந்தது. ‘போமஸ்’ என்பது பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் கொண்டு எடுக்கப்படுவது. சமையலுக்கு மூன்றும் உதவும். ஆனால் போமஸுக்கு எக்ஸ்ட்ரா வேர்ஜின் விலை கொடுக்கத் தேவையில்லை. வெளிச்சம் எண்ணெயைக் கெடுக்கும் என்பதால் கருநிறப் போத்தலையே எடுப்பேன்.

சீஸ்: பாலில் செய்தது என்பதால் எல்லாச் சீஸும் சைவம் என்று பலர் நினைக்கிறார்கள். இத்தாலியின் பார்மிஜியானோ ரெஜியானோவில் பாலைத் திரைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ‘ரெனெட்’. இந்தச் சீஸுக்கு வேறு ரெனெட் பாவிக்க விதி இடமளிப்பதில்லை. மச்சம் சாப்பிடாதவர்கள் ‘மைக்ரோபியல் ரெனெட்’ அல்லது ‘வெஜிடேரியன்’ என்று குறிப்பிட்ட சீஸைத் தேடுங்கள். ஹலால் பார்ப்பவர்களுக்கும் இந்த ஒரு சொல் முக்கியம்.

சோயா சோஸ்: யப்பானிய சோயா சோஸில் வழமையாகக் கோதுமையும் சேர்கிறது. கோதுமை ஒவ்வாதவர்கள் உள்ளடக்கப் பட்டியலை வாசிக்காமல் வாங்கக்கூடாது. ‘தமாரி’ வகையில் கோதுமை குறைவு, சிலவற்றில் அறவே இல்லை. அதையும் லேபலில் உறுதிசெய்யுங்கள்.

திகதி: ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது தரம் குறையத் தொடங்கும் திகதி. ‘யூஸ் பை’ என்பது பாதுகாப்பு பற்றியது, அதன்பின் உண்ணக்கூடாது. மூலத் திகதியை மறைத்து வேறு திகதி ஒட்டிய பொதியை நான் வாங்குவதில்லை. லேபலை அழிப்பதும் மாற்றுவதும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி குற்றம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து அதிகார சபையிடம் முறையிடலாம்.

வெளிநாட்டில் வாழும் உறவுகளுக்கும் ஒரு சொல். அங்கே எங்கள் கறுவாதான் இறக்குமதிப் பொருள். ‘சினமன்’ என்ற பெயரில் அங்கு விற்பதில் பெரும்பகுதி ‘கசியா’ என்ற வேறு மரத்தின் பட்டை. அது தடித்து ஒரே சுருளாக இருக்கும்; எங்கள் கறுவா மெல்லிய பல அடுக்குகளாகச் சுருண்டிருக்கும். அளவு மீறினால் ஈரலுக்குத் தீங்கான கூமரின் கசியாவில் அதிகம், கறுவாவில் மிகக் குறைவு. ‘சிலோன் சினமன்’ என்ற பெயருக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. அந்தப் பெயரைப் பார்த்து வாங்கினால், காலியிலும் மாத்தறையிலும் பட்டை உரிப்பவர்களின் உழைப்புக்கு உரிய விலை கிடைக்க அதுவும் ஒரு வழி.