கூறையும் மண்மூடையும்

அம்மாவின் கூறைச் சேலை இன்னும் எங்கள் அலுமாரியில் இருக்கிறது. 1974இல் உடுத்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த காலம் அது. நல்ல பட்டுச் சாறி கடையில் கிடைக்காது. அது கடலால் வந்தது என்று மட்டும் அம்மா சொல்லுவா. வடமராட்சிக்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எங்கள் கலியாணங்களில் மணமகள் ஒரு சேலையோடு மணவறைக்கு வருவாள். தாலியும் கூறையும் வைத்த தட்டு சபையில் பெரியவர்களிடம் ஆசி பெறப் போகும். மாப்பிள்ளை கூறையைக் கொடுக்க, அவள் உள்ளே போய் அதை உடுத்துக்கொண்டு வந்த பிறகே தாலி ஏறும்.

பழந்தமிழில் கூறை என்றால் ஆடைதான். திருமணச் சேலைக்கு அந்தப் பெயர் நின்றதோடு, மயிலாடுதுறையின் கூறைநாடும் நினைவுக்கு வரும். பருத்தியும் பட்டும் கலந்து நெய்த அந்த ஊர்ச் சேலைகள் பெயர்பெற்றவை. ஆடைக்குத் தமிழில் இருந்த சொற்கள் கொஞ்சமல்ல: கலிங்கம், துகில், அறுவை. சங்கப் புலவர் ஒருவரின் பெயரே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அறுத்தெடுப்பது அறுவை, துணிப்பது துணி. தறியிலிருந்து வெட்டியெடுத்து, தைக்காமல் உடுத்தும் பழக்கம் சொல்லிலேயே இருக்கிறது.

இன்று நாங்கள் கூறையாக வாங்குபவற்றில் பல காஞ்சிபுரப் பட்டு. அதன் சிறப்பு கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், இரு கரைகளுக்கும் வேறு நிறம் என்பதால் மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். கைத்தறியில் இதற்கு நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவரும் இருப்பார். கரையும் உடலும் சேரும் இடத்தைப் பிடித்து இழுத்துப் பார்ப்பது எங்கள் அம்மாக்களின் பழக்கம். 2005இல் இந்தச் சேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

சட்டையும் உள்பாவாடையும் போட்டு, கொய்யகம் வைத்து, தலைப்பை இடது தோளில் விடும் இன்றைய முறை ஆதியிலிருந்தே இருந்ததென்று பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல. 1860களில் பம்பாயில் வாழ்ந்த ஞானதானந்தினி தேவி, தாகூர் குடும்பத்து மருமகள், பார்சிப் பெண்களைப் பார்த்துக் கற்ற முறையை வங்காளத்தில் பரப்பியதற்கு இதில் பெரும் பங்குண்டு. யாழ்ப்பாணத்தில் எங்கள் பூட்டிமார் குறுக்குக்கட்டோடு வாழ்ந்தவர்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை போடுவதை யாழ்ப்பாணத்து ஆதிக்க சாதியினர் தடுத்தார்கள். சேலை எங்கள் பண்பாடு என்று மேடையில் பேசுபவர்கள் அந்தப் பண்பாட்டுக்குள் யாரை விடவில்லை என்பதையும் சேர்த்துப் பேசவேண்டும்.

சின்னம்மாவின் கூறை இப்போது இல்லை. 2009இன் தொடக்க மாதங்களில் அவர்கள் வன்னியில் ஒவ்வோர் இடமாகப் பெயர்ந்து மாத்தளன் கரைக்குப் போனார்கள். அங்கே கடற்கரை மணல். பங்கர் வெட்டினால் பக்கம் சரிந்து விழும். மூடை அடுக்கினால்தான் நிற்கும். உரப்பை முடிந்துபோனது. பெண்கள் சாறிகளை வெட்டி, ஊசி நூலால் மூட்டி, மணல் நிரப்பினார்கள். முதலில் நூல் சேலைகள், பிறகு நைலெக்ஸ், கடைசியில் பட்டு. சின்னம்மாவின் கூறையில் நாலு மூடை வந்ததாம். சரிகைக் கரையை மட்டும் வெட்டி வைத்திருந்தா, அதுவும் முள்ளிவாய்க்காலில் தவறிப்போனது. அந்தக் கரையோரம் முழுக்க அப்படிப் பூப்போட்ட, சரிகை போட்ட மூடைகள் கிடந்தன. எத்தனை பெண்களின் கலியாணங்கள் அவை என்று யார் எண்ணினார்கள்?

பட்டுச் சேலையை ஒரே மடிப்பில் வருடக்கணக்காக விட்டால் மடிப்போரம் வெடிக்கும். அதனால் அம்மா சில மாதங்களுக்கு ஒருமுறை கூறையை எடுத்து, நிழலில் காயவிட்டு, மடிப்பை மாற்றி வைப்பா. போன தைப்பொங்கலுக்கு வந்திருந்த சின்னம்மா மறு தலைப்பைப் பிடித்துக்கொண்டா. இருவரும் ஒன்றும் பேசவில்லை. மடித்து முடிந்ததும் சின்னம்மா அதைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, அலுமாரியில் கொண்டுபோய் வைத்தா.